ஒரு கல், நாலு திருப்பம்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: குறுங்காணொளி, அல்லது வண்ணக் கட்டங்களை இடம் மாற்றி மூன்றை ஒன்றாகச் சேர்க்கும் ஆட்டம். பின்னதில் சமீப ஆண்டுகளாக ஒரு புது வகை செழித்திருக்கிறது. லெவலை முடித்தால் ஒரு நட்சத்திரம். அதைக் கொடுத்தால் பாழடைந்த வீட்டின் ஒரு மூலையைச் சீர் செய்யலாம். உடைந்த படிக்கட்டு, கிழிந்த திரை, வெடித்த தரை என ஒவ்வொன்றுக்கும் சில மாதிரிகள் திரையில் வரும். ஒன்றைத் தொட்டால் அது நொடியில் பொருந்திவிடும். பிளேரிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கார்டன்ஸ்கேப்ஸும் 2017இல் வெளியிட்ட ஹோம்ஸ்கேப்ஸும் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தவை.

இந்த ஆட்டங்களில் புதிர் ஒரு பக்கம், அலங்காரம் இன்னொரு பக்கம். மூளைக்கு வேலை கட்டத்தில். கண்ணுக்குப் பரிசு வீட்டில். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடியில் இந்த இரண்டும் பிரிந்ததே இல்லை. அங்கே அலங்காரம்தான் புதிர். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்க்கப்படும் அந்த ஊர்ப் பூக்கற்களைத் தரையில் எப்படிப் பரப்புவது என்ற கேள்விக்குள், கைப்பேசி ஆட்டம் இன்னும் தொடாத கணிதம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்றைச் சேர்க்கும் ஆட்டத்தின் மூதாதை, 1994இல் ரஷ்யரான யெவ்கேனி அலெம்ஷின் எழுதிய ஷாரிகி. 2001இல் வந்த பிஜுவெல்டு அதை உலகெங்கும் கொண்டுபோனது. 2012இல் கேண்டி க்ரஷ் சாகா கைப்பேசிக்குள் குடியேற்றியது. ஆடுபவருக்கு ஒரு லெவல் எளிது, இன்னொன்று கடினம் என்று தோன்றுவதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 9க்கு 9 கட்டத்தில், கிடையாகவும் நெடுக்காகவும் அடுத்தடுத்து அமையும் மூன்று கட்டங்களின் தொகுதிகள் மொத்தம் 126. வண்ணங்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 6 வண்ணங்கள் இருந்தால் ஒரு தொகுதி ஒரே நிறமாக அமையும் வாய்ப்பு 36இல் 1. ஆகவே பலகையில் சராசரியாக 3.5 தொகுதிகள் தாமாகவே சேர்ந்துவிடும். வண்ணங்களை 4 ஆகக் குறைத்தால் வாய்ப்பு 16இல் 1. சராசரி கிட்டத்தட்ட 8. ஒன்று வெடித்து, மேலிருந்து புதியவை விழுந்து, அவையும் வெடித்துச் சரமாகப் போகும் இன்பம் இப்படித்தான் பிறக்கிறது. இரண்டு வண்ணங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்தாலே போதும், நம் கெட்டிக்காரத்தனம் கூடியது போலவும் குறைந்தது போலவும் நமக்குத் தோன்றிவிடும்.

ஆனால் இந்த ஆட்டங்களை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கவும் முடியாது. 2014இல் டோபி வால்ஷ் என்ற கணினி அறிஞர் கேண்டி க்ரஷ் பற்றியும், குவாலா, லெயூச்சி, நட்டாலே என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் மூவர் இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு நிரூபணம் தந்தார்கள். பலகை எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், அடுத்து விழப்போவதும் தெரியும் என்றே கொள்வோம். அப்போதும் குறிப்பிட்ட எண்ணிக்கை நகர்த்தல்களில் இத்தனை புள்ளி எடுக்க முடியுமா என்று முடிவு செய்வது என்பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தது. யாராவது விடையைக் கையில் கொடுத்தால் சரிபார்ப்பது எளிது. தேடிக் கண்டுபிடிக்க, எல்லாப் பலகைக்கும் பொருந்தும் விரைவான வழி இதுவரை எவருக்கும் தெரியாது. டெட்ரிஸ் ஆட்டத்துக்கு இதைப் போன்ற முடிவை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எரிக் டெமெய்னும் அவர் கூட்டாளிகளும் 2002இலேயே காட்டியிருந்தார்கள்.

அலங்காரப் பகுதிக்கு வந்தால் இந்த ஆழம் சட்டென்று காணாமல் போகிறது. மூன்று தரைவிரிப்பில் ஒன்றைத் தொடுகிறோம், அவ்வளவே. எதைத் தொட்டாலும் பொருந்தும். தவறு செய்ய இடமே இல்லை. இருந்தும் அந்த வீட்டின் மேல் ஆடுபவருக்குப் பாசம் வந்துவிடுகிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கோன், டான் ஏரியலி என்ற மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: தாமே பூட்டிய பெட்டியையும் தாமே மடித்த காகித உருவையும் மனிதர்கள் அதன் சந்தை மதிப்புக்கு மேலாக மதிக்கிறார்கள். மரச்சாமான் கடையான ஐக்கியாவின் பெயரால் இந்தப் போக்கு அழைக்கப்படுகிறது. உழைத்துச் சேர்த்த நட்சத்திரத்தால் வாங்கிய ஜன்னல் என்பதால் அது 'என் ஜன்னல்' ஆகிறது. பாசம் உண்மைதான். ஆனால் அந்த ஜன்னலை வைக்கும்போது ஆடுபவர் எதையும் யோசிக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு நல்ல வாய்ப்பு இங்கே வீணாவதாகவே எனக்குப் படுகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வந்திறங்கின. வெளிநாட்டுத் தரைக்கற்களும் கப்பலேறி வந்தன. அதே வீடுகளில் உள்ளூர் மணலிலும் சிமெண்டிலும் பிறந்து, பளிங்குக்குச் சமமாக நின்றது ஆத்தங்குடிக் கல். ஊரிலேயே உள்ள பெரிய வீட்டின் முகப்பிலும் உள்முற்றப் பகுதியான வளவின் தாழ்வாரத்திலும் அதை இன்றும் பார்க்கலாம்.

செய்முறை பார்க்க எளிது. அதனுள் இருக்கும் அறிவியல் எளிதன்று. சுத்தமாகத் துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் சதுர இரும்புச் சட்டம். அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சு. ஒவ்வொரு அறையும் பூவின் ஓர் இதழ், ஓர் இலை. வெள்ளைச் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த கூழை அறை அறையாக ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை ஒரே சீராக மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதன் மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவல், அதற்கு மேல் ஈரக் கலவை. கரண்டியால் சமப்படுத்தி ஒரு நாள் காயவிட்டு, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு எடுக்கிறார்கள்.

இதில் சூளை கிடையாது. கல்லை இறுக வைப்பது தீ அல்ல, தண்ணீர். சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து ஒரு பசையாகி, மணலை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தொட்டியில் ஊறும்போது கல் தண்ணீரைக் குடித்து வலுப்பெறுகிறது. வெயிலில் அவசரமாக உலர்த்தினால் வினை பாதியில் நின்று கல் பொடிந்துபோகும். நடுவில் தூவும் உலர்ந்த பொடிக்கும் வேலை உண்டு. வண்ணக் கூழில் மிஞ்சிய நீரை அது உறிஞ்சுகிறது. நீர் குறைந்த சிமெண்ட் நெருக்கமாக இறுகும் என்பதால் மேற்பரப்பு உறுதியாகிறது. நிறம் வெறும் பூச்சு அல்ல, சில மில்லிமீட்டர் தடிமனுக்கு உள்ளேயும் அதே நிறம். கால் பட்டுத் தேயத் தேய மங்காமல் மெருகேறுவதற்கு அதுதான் காரணம்.

நிறப்பொடியிலும் எல்லாம் உதவாது. ஈரச் சிமெண்ட் கடும் காரம். அதன் காரகாடித்தன்மை எண் 12க்கு மேல் இருக்கும். பிரஷ்ய நீலம் போன்ற சாயங்கள் அதில் சிதைந்து போகும். இரும்பு ஆக்சைடின் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும், குரோமியம் ஆக்சைடின் பச்சையும் அசையாமல் நிற்கும். செட்டிநாட்டுத் தரையில் செம்மண் சிவப்பு ஆட்சி செய்வதற்கு ரசனையோடு வேதியியலும் காரணம். இதே வேதியியல்தான் ஓர் எச்சரிக்கையும் தருகிறது: கல்லில் அமிலம் படக்கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொண்டு இந்தத் தரையைத் தேய்த்தவர்கள் ஒரே நாளில் பல வருட மெருகை இழந்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரால் துடைப்பதே போதும். எப்போதாவது துளி தேங்காய் எண்ணெய்.

இப்போது புதிருக்கு வருவோம். கல்லை வார்ப்பவர் மேலிருந்து பார்க்கிறார். ஆனால் நாளை தரையில் தெரியப்போவது கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கம். ஆக அவர் பார்க்கும் படம் ஒன்று, நாம் பார்க்கப்போவது அதன் ஆடிப் பிம்பம். எட்டிதழ்ப் பூவாக இருந்தால் இரண்டும் ஒன்றே. காற்றாடி போல ஒரு பக்கமாகச் சுழலும் வடிவமாக இருந்தால், அச்சில் வலச்சுழி தரையில் இடச்சுழி ஆகிவிடும். நிறம் ஒரே முகத்தில்தான் இருப்பதால் கல்லைக் கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. கல்லைத் திருப்பலாம், கவிழ்க்க முடியாது. இந்த ஒரு விதியிலிருந்து ஆத்தங்குடித் தரையின் கணிதம் முழுவதும் கிளைக்கிறது.

டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு இந்த விதி ஏற்கனவே பழக்கம். நான்கு சதுரங்களை ஒட்டிக் கவிழ்க்கவும் அனுமதித்தால் கிடைக்கும் வடிவங்கள் 5 மட்டுமே. டெட்ரிஸில் 7 இருக்கின்றன. திருப்ப மட்டுமே முடியும் என்பதால் வலக்கை 'எல்' (L) வடிவமும் இடக்கை 'எல்' வடிவமும் தனித்தனிக் காய்களாகிவிட்டன. இரண்டு மடிப்பு உள்ள காயும் அப்படியே. ஆத்தங்குடியிலும் அதே கதைதான். சமச்சீர் இல்லாத ஒரு கொடியை வலமும் இடமும் ஆடிப் பிம்பமாக ஓடவிட வேண்டும் என்றால் ஓர் அச்சு போதாது, இரண்டு வேண்டும்.

ஒரே அச்சை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? ஒரு மூலையில் மட்டும் கால் பூ உள்ள கல்லை எடுத்துக்கொள்வோம். அதை நான்கு விதமாக வைக்கலாம். நாலு கற்களைச் சதுரமாகச் சேர்த்தால் 4×4×4×4, அதாவது 256 அமைப்புகள். சதுரத்தைச் சுற்றி வந்து நின்று பார்க்கும்போது ஒன்றாகவே தோன்றுபவற்றை விலக்கினால் 70 மிஞ்சும். அந்த 70இல் ஒன்றுதான் நடுவில் முழுப்பூ மலரும் அமைப்பு. இன்னொன்றில் நாலு கால் பூக்களும் நாலு வெளி மூலைக்கு ஓடிவிடும். எல்லாக் கற்களையும் ஒரே முகமாக வைத்தால் பூ மறைந்து மீன் செதில் போன்ற வரிசை வரும். அச்சு மாறவில்லை, நிறம் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. தரை மட்டும் மாறிவிட்டது.

10 அடிக்கு 10 அடி அறைக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு திருப்பம் என்றால் மொத்த அமைப்புகளின் எண்ணிக்கை 87 இலக்கம் கொண்ட ஓர் எண். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் தோராய எண்ணிக்கையாக அறிவியலாளர்கள் சொல்வது 81 இலக்க எண்தான். ஒரு சின்ன அறை, ஒரே ஒரு மாதிரிக் கல். கைப்பேசி ஆட்டம் மூன்று தரைவிரிப்பைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற இடத்தில் இருப்பது இவ்வளவு பெரிய வெளி.

இந்த வெளியை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஒரு பிரெஞ்சுத் துறவி. செபாஸ்டியன் ட்ருஷே கால்வாய்ப் பணிகளைப் பார்வையிட ஓர்லியான் பக்கம் போனபோது, ஒரு மாளிகையில் பரப்புவதற்காக வைத்திருந்த கற்களைக் கண்டார். ஒவ்வொன்றும் மூலைவிட்டத்தால் இரு நிறமாகப் பிரிந்த சதுரம். இரண்டு கற்களை எத்தனை விதமாக ஒட்ட வைக்கலாம் என்று கணக்குப் போட்டு, 64 வழிகள் என்றும், சுற்றிப் பார்த்தால் ஒன்றாகவே இருப்பவற்றைக் கழித்தால் 10 என்றும் 1704இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பின்னாளில் சேர்வியல் என்று வளர்ந்த கணிதப் பிரிவின் ஆரம்ப காலப் படைப்புகளில் அதுவும் ஒன்று. ஒரு தரையைப் பார்த்துப் பிறந்தது அது.

எண்ணிக்கை எல்லையற்றது போலத் தோன்றினாலும், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் கோலங்களின் இலக்கணம் மிகச் சிறியது. ஒரு சமதளத்தில் இரு திசைகளிலும் மீண்டும் மீண்டும் வரும் வடிவங்களைச் சமச்சீரை வைத்துப் பிரித்தால் 17 வகைகள் மட்டுமே. பதினெட்டாவது வகை இருக்கவே முடியாது. ரஷ்யப் படிகவியலர் எவ்கிராஃப் ஃபெதரோவ் இதை 1891இல் நிறுவினார். ஜார்ஜ் போல்யா 1924இல் தனியாகவும் கண்டடைந்தார். புடவைக் கட்டம், பாய், ஜன்னல் கம்பி, பூக்கல் தரை என எல்லாம் இந்த 17க்குள் அடங்கும். கால் பூக் கல்லுக்குத் தன்னுள்ளேயே மூலைவிட்டச் சமச்சீர் உண்டு. அதனால் ஒரே அச்சைக் கொண்டே திருப்பமும் ஆடிப் பிம்பமும் நிறைந்த செழுமையான வகையை அடையலாம். காற்றாடிக் கல்லுக்கு ஆடிப் பிம்பம் தன்னுள்ளே இல்லை. அதை எப்படித் திருப்பி வைத்தாலும், இரண்டாவது அச்சு இல்லாமல், ஆடிப் பிம்ப வகைக்குள் போகவே முடியாது. அச்சுக்காரர் தகட்டை வளைக்கும்போதே தரையின் எதிர்காலம் பாதி முடிவாகிவிடுகிறது.

நம் ஊரிலும் இந்தப் பார்வை புதிதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை, புள்ளிக் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தைக் கொண்டு விவரித்தது. சில விதிகள், ஒரு தொடக்க உரு. அவ்வளவிலிருந்து கோலம் வளர்ந்துகொண்டே போகும். வாசலில் இழுக்கும் கோடு கணினி அறிவியலுக்குப் பாடம் ஆனது என்றால் வளவில் பரப்பிய கல்லும் ஆகலாம்.

கல் பரப்பும் கொத்தனாருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். ஆனால் அவர் தீர்க்கும் புதிர் நிஜமானது. முழுப்பூ மலர இரண்டுக்கு இரண்டு கற்கள் வேண்டும் என்றால், அறையின் நீளமும் அகலமும் இரட்டைப்படைக் கற்களில் முடிய வேண்டும். 12 கல் வந்தால் ஆறு பூ. 13 வந்தால் சுவரோரம் அரைப்பூ தலை வெட்டுப்பட்டு நிற்கும். சுற்றிலும் ஓடும் பார்டரின் அகலத்தைக் கூட்டியோ, ஓரத்தில் வெற்றுச் சிவப்புக் கல் ஒரு வரிசை சேர்த்தோ அந்த ஒற்றைப்படையை விழுங்க வைக்கிறார்கள். பார்டர் வெறும் அழகு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்கு இடிக்கும் இடத்தை மறைத்துத் தாங்கும் பொறுப்பு அதற்கு இருக்கிறது.

வளவில் இது இன்னும் நுட்பமாகிறது. சாதாரண அறையின் நாலு மூலைக்கும் ஒரே மூலைக்கல் போதும். திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நடுவில் வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் இருந்தால் தரைக்கு இரண்டு விளிம்புகள் வருகின்றன: சுவரோரமாக ஒன்று, முற்றத்தோரமாக ஒன்று. பார்டரின் தடித்த கோடு எப்போதும் தரையின் விளிம்பைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று வைத்தால், வெளிமூலையில் அந்தக் கோடு கல்லின் இரண்டு பக்கங்களையும் தழுவி ஓடும். முற்றத்து மூலையில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுத் திரும்பும். எவ்வளவு திருப்பினாலும் முன்னது பின்னதாக மாறாது. ஆகவே இரண்டாவது மூலைக்கல்லுக்கு இன்னோர் அச்சு. பார்டர் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் மட்டுமே ஓர் அச்சில் தப்பிக்கலாம். இனி எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்குள் போனாலும் முற்றத்து மூலையைக் குனிந்து பாருங்கள். வீடு கட்டியவர் அச்சுச் செலவை ஏற்றாரா, சமச்சீர்ப் பார்டரைத் தேர்ந்தாரா என்பது அங்கே தெரியும்.

ஓரங்களைப் பொருத்தும் இந்தப் பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதை 1961இல் ஹாவ் வாங் எழுப்பிய கேள்வி காட்டியது. நான்கு ஓரங்களிலும் நிறம் தீட்டிய சில வகைச் சதுரக் கற்கள் தரப்பட்டுள்ளன. திருப்பக்கூடாது, அடுத்தடுத்த ஓரங்கள் ஒரே நிறமாக இருக்க வேண்டும். இவற்றைக் கொண்டு முடிவற்ற தரையை நிரப்ப முடியுமா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் ஒரு கணினி நிரல் எழுத முடியுமா? முடியவே முடியாது என்று அவருடைய மாணவர் ராபர்ட் பெர்கர் 1966இல் நிறுவினார். கணினி வேகமாக இருந்தால் தீரும் பிரச்சினை அல்ல இது. எந்தக் காலத்துக் கணினியாலும் இயலாதது. பெர்கரின் நிரூபணத்தில், தரையை நிரப்பும், ஆனால் ஒருபோதும் ஒரே ஒழுங்கில் திரும்ப வராத கற்களின் தொகுதி ஒன்றும் பிறந்தது; அதில் 20,426 வகைகள். 2015இல் எமானுவேல் ஜாந்தெல், மிக்கேல் ராவ் இருவரும் அதை வெறும் 11 கற்கள், 4 நிறங்களுக்குக் குறைத்தார்கள். அதற்குக் கீழே போக முடியாது என்றும் காட்டினார்கள். ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் 11 அச்சும் 4 நிறமும் எளிதாகக் கிடைக்கும். ஒரு பொறியியல் கல்லூரியோ அறிவியல் மையமோ மனது வைத்தால், எங்குமே தன்னைத் திரும்பச் சொல்லாத ஒரு தரையைத் தமிழ்நாட்டுக் கல்லிலேயே பரப்பிவிடலாம்.

அலங்கார ஆட்டங்களை வடிவமைக்கும் இளைஞர்கள் சென்னையிலும் கோவையிலும் இன்று வேலை செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நட்சத்திரம் கொடுத்துத் தரையை விற்காதீர்கள். தரையையே ஆடக் கொடுங்கள். ஒரே கல், நாலு திருப்பம், முற்றம் வைத்த ஒரு வளவு, கையில் இரண்டே மூலைக்கல் என்று தொடங்கும் ஆட்டத்துக்கு மிட்டாய் வெடிக்கும் சத்தம் தேவைப்படாது. பள்ளி ஆசிரியர்கள் அதற்குக் கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் கால் வட்டம் வரைந்த பதினாறு அட்டைச் சதுரங்களைக் குழந்தைகளிடம் கொடுத்து, நாலு அட்டையில் எழுபது வகை வருகிறதா என்று தேடச் சொல்லலாம். புது வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் வாங்குபவர்கள், கலவை போடுவதற்கு முன் ஒரு நாள் கற்களை வெறுமனே தரையில் அடுக்கி, திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒட்டிய பிறகு அந்தத் தரை அறுபது எழுபது வருடத்துக்கு அப்படியே இருக்கப்போகிறது.